வேண்டாத நூலில் சில வரிசைகள்

மயிலாப்பூரில் ஸ்வெட்டர் பின்னும் மெஷின் இருந்த வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். தார் உருகுகிற ஊரில் இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றலாகி நாங்கள் அங்கே இருந்தபோது அம்மா கற்றுக்கொண்ட வித்தை அது. திரும்பி வருகையில் கட்டில், பீரோவையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இந்த மெஷினை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளாத குறையாக ரயிலில் கொண்டுவந்தாள். கேலி செய்தவர்களின் வாயை அமெரிக்கா அடைத்தது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். மருமகளுக்குப் பிரசவம் பார்க்க அம்மாக்களும் பின்னாலேயே போனார்கள். எல்லோருக்கும் குளிர்ந்தது. அம்மாவுக்கு ஆர்டர் குவிந்தது.

எனக்கு வேண்டியதும் ஒரு ஸ்வெட்டர்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எங்களை ஊட்டிக்கு அழைத்துப் போவதாக இருந்தார்கள். காலையில் ஆர்டர் வேலை, மத்தியானமெல்லாம் உனக்கு என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். மெரூன் நிற நூல்கூட வாங்கியாகிவிட்டது. அந்த மத்தியானங்களைத்தான் சித்தி வந்து பிடுங்கிக்கொண்டாள்.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுக்குத் தாயார் இல்லாததால் எங்கள் வீடுதான் சித்திக்குப் பிறந்த வீடு. வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க, பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, மெஷின் கற்றுக்கொடு என்று கேட்டாள். அம்மா உடனே சரி என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மெஷினில் ஆரம்பம்தான் கஷ்டம். கொக்கி ஊசிகள் வரிசையாக இருக்கும். வேண்டிய அகலத்துக்கு அவற்றை முன்னால் தள்ளி, ஒவ்வொன்றிலும் நூலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இறுக்கிச் சுற்றினால் மேலே ஓடுகிற வண்டி சிக்கிக்கொள்ளும். தளர விட்டால் காது காதாகத் தொங்கும். அதனால் முதலில் வேண்டாத நூலில் நாலு விரல் உயரம் பின்னி, கீழே கனம் தொங்கவிட வேண்டும். பிறகு வழுக்குகிற நைலான் கயிற்றால் ஒரு வரிசை. அதற்கு மேல்தான் நிஜ நூல். கடைசியில் கயிற்றை உருவினால் வேண்டாதது தனியாகக் கழன்றுவிடும்.

“கயிறு போட்டப்புறம்தான் ஸ்வெட்டர் ஆரம்பம். அதுவரைக்கும் பின்னறதெல்லாம் கணக்கிலேயே வராது” என்பாள் அம்மா.

சித்தி அந்தக் கயிற்றைத் தாண்டவே இல்லை. வயிறு இடிக்காமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, நடுவில் கொஞ்சம் ஊசிகளை மட்டும் தள்ளி, பொறுமையாகச் சுற்றுவாள். வேண்டாத நூலில் ஏழெட்டு வரிசை ஓட்டுவாள். தடவிப் பார்ப்பாள். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து உருண்டையாகச் சுற்றி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைக்கும்போது தினமும் இந்தக் கூத்துதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அகலத்தில் பொம்மைக்குத்தான் சட்டை போடலாம்.

“இன்னும் கை படியலடி” என்பாள் கேட்டால். பச்சைப் பொய். அவள் போட்ட ஓரத்தில் ஒரு கண்ணிகூடப் பிசகியிருக்காது. அது எனக்கே தெரிந்தது. இதே நூலில் நான் ஒரு முழம் வீணாக்கியிருந்தால் முதுகில் டின் கட்டியிருப்பார்கள். அவளுக்கோ, “போட்டுக்கட்டும் விடு, உனக்கென்ன?” என்று அம்மா பரிந்து பேசினாள். எனக்கென்னவா? ஊட்டியில் விறைக்கப் போவது யார்?

ஒரு சனிக்கிழமை இருவரும் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார்கள். மெஷினில் சித்தியின் வேண்டாத நூல் வரிசைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கும் மெஷின் ஓட்டத் தெரியும். இவ்வளவுதான் சித்தி, இதற்கா இத்தனை நாள் என்று காட்டிவிட முடிவு செய்தேன். கயிற்று வரிசையைப் போட்டேன். என் மெரூன் நூலை இதில் வீணாக்க மனம் வராமல், சித்தியின் பெட்டியிலிருந்த இளமஞ்சள் நூலை எடுத்தேன். பாண்டி பஜாரில் கலர் பிடித்திருக்கிறது என்று வாங்கி, தொடாமல் வைத்திருந்தாள். கன்னத்தில் வைத்தால் எடுக்க மனம் வராது, அவ்வளவு மெத்தென்று இருந்தது. உள்ளங்கை உயரத்துக்குப் பின்னிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

உள்ளே நுழைந்த சித்தி அப்படியே நின்றுவிட்டாள். அம்மா என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

“யாரைக் கேட்டுடி ஆரம்பிச்சே?”

யாரைக் கேட்க வேண்டும்? எதற்குக் கேட்க வேண்டும்? ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. பெரியவர்களுக்கு எல்லாவற்றையும் பூட்டி வைக்கத் தெரியும். தடுக்கி விழுந்த பிள்ளையை அடிக்கவும் தெரியும். நான் காலேஜ் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அந்த அறை விழுந்த நாளுக்கு நாலு வருஷம் முன்பு, சித்தப்பாவோடு கோயம்புத்தூரில் இருந்தபோது, சித்தி முதல் குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் சட்டையும் தன் கையாலேயே தைத்துப் பெட்டி நிறைய அடுக்கி வைத்திருந்தாளாம். பிறக்கும் முன்பே தயார் செய்யாதே என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தாளாம். குழந்தை தங்கவில்லை. இந்த முறை ஒரு கைக்குட்டைகூடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாக இருந்தாள்.

பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. தை மாதத்தில் சித்திக்குப் பெண் பிறந்தது. அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊட்டிக்கு நான் பக்கத்து வீட்டு அக்காவின் ஸ்வெட்டரைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு போய்வந்தேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு இதில் எதுவுமே தெரியாது. மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே பார்த்தேன். அம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். சித்தி அவள் கையைத் தடுத்துவிட்டு, துணியை மெஷினிலிருந்து தானே இறக்கினாள். கயிற்றை உருவினாள். வேண்டாத நூல் தரையில் விழுந்தது. மஞ்சள் துண்டை இடது உள்ளங்கையில் விரித்து, வலது கையால் நீவினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நல்லாத்தான் பின்னியிருக்கே” என்றாள் சித்தி என்னிடம். சொல்லிவிட்டு நூல் முனையைத் தேடிப் பிடித்து, மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “நல்லா இருந்தா எதுக்கு அவுக்கறே? அப்படி யாருக்கு சித்தி இது?”

அவள் நிமிரவே இல்லை.

“யாருக்கும் இல்லடி.”

யாருக்குமே இல்லாத ஒன்றுக்காகவா எனக்கு அறை விழுந்தது என்று நான் இன்னும் உரக்க அழுதேன்.