யுவஸ்ரீ இறங்காத தொட்டி

கிணத்துக்கடவு தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிற பிரவின்குமாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மூட்டைக்குள் செல்போனை ஒளித்துவைத்துத் தானே கூப்பிட்டு, தேங்காய் பேசுகிறதென்று ஊரைக் கூட்டுவான். அவன் சேட்டைக்குச் சிரிக்காத ஒரே ஆள், போன மாதத்திலிருந்து, மகள் யுவஸ்ரீ.

தோட்டத்து மோட்டார்த் தொட்டியில் வழுக்கி விழுந்து தண்ணீர் குடித்துவிட்டாள். அதிலிருந்து குளிக்கக் கூப்பிட்டாலே வீட்டைச் சுற்றி ஓட்டம். அவள் விழுந்தபோது பக்கத்தில் நின்றும் பிடிக்க முடியாமல் போனது அவனுக்குள் முள்ளாய்க் கிடந்தது. எப்படியாவது பிள்ளையைத் தண்ணீரோடு ராசியாக்கிவிட வேண்டும்.

காந்திபுரத்தில் கரீம் பாய் கடைக்குப் போய், காற்றடைக்கிற குழந்தைத் தொட்டிகளைப் புரட்டினான்.

"பெருசா எடுங்க. நீங்களும் படுத்துக்கலாம்" என்றார் கரீம்.

"நான் படுத்தா தண்ணி வெளிய போயிருமுங்க பாய். அவ முழங்காலுக்கு வந்தாப் போதும். அடியிலயும் காத்து இருக்கோணும், உளுந்தா வலிக்கக்கூடாது."

முட்ட முட்டக் காற்றடிக்காதீங்க, வெயிலில் தானே உப்பும், தண்ணியை அன்னன்னைக்குக் கொட்டிவிட்டு நிழலில் காயவச்சு மடிங்க என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டு வாசலெல்லாம் கல். களத்திலிருந்து ஒரு சாக்கு தேங்காய் நாரை அள்ளி வந்து பரப்பினான். மட்டை உரிக்கிறவனுக்கு அதைவிட மெத்தை ஏது? தொட்டியை அதன்மேல் வைத்து வாயாலேயே ஊதினான். கண் செருகியது.

"ஏனுங்க, தொட்டி உப்புது, நீங்க வத்திப் போறீங்க" என்றாள் மனைவி பொற்கொடி.

தண்ணீர் நிறைந்தது. யுவஸ்ரீ கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் மாட்டேனுங்கப்பா" என்றாள். சரி, இறங்கிக் காட்டுவோம் என்று அவனே உள்ளே உட்கார்ந்தான். நாரோடு வந்திருந்த சிரட்டைச் சில்லு ஒன்று அவன் பாரத்தில் அடித்தட்டைப் பொத்துக்கொண்டு ஏறியது.

புர்ர்ர்ர்.

அவனுக்குக் கீழேயிருந்து குமிழிகள் வந்தன. பொற்கொடி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"சத்தியமா நானில்லீங்க அம்மணி."

வாழ்நாளில் அவன் சொன்ன சில உண்மைகளில் அதுவும் ஒன்று. யாரும் நம்பவில்லை. யுவஸ்ரீ மட்டும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"தொட்டி குசு உடுதுங்கப்பா."

"ஆமாங் கண்ணு. உட்டா அப்பறம் காத்தெல்லாம் போயி சப்பிப்போயிரும். என்ற கை பெருசு, ஓட்டை எங்கீன்னே தட்டுப்படல."

அவன் உள்ளங்கை ஓட்டையின் மேல்தான் இருந்தது.

அவள் யோசித்தாள். அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள். பிறகு மறுகால். அவன் ஓட்டையிலிருந்து தன் கையை எடுத்தான். குமிழி அவள் கால்விரலிடுக்கில் கிச்சுக்கிச்சு மூட்டியது. சிரித்தபடி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒட்டிப்போடலாமுங்களா?" என்று பொற்கொடி பஞ்சர் பசையைத் தேட எழுந்தாள். வேண்டாமென்று கண்ணைக் காட்டினான்.

உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி மகளின் உச்சியில் விட்டான். அவள் உடம்பு விறைத்தது. ஆனால் எழவில்லை, எழுந்தால் காற்றுப் போய்விடுமே.

"மெதுவா ஊத்துங்கப்பா" என்றாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு. "நான் அடச்சுட்டிருக்கறேன்ல."