நான் விரித்த வைக்கோல்

நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போக பஸ் நேரம் ஒத்துவராததால், நாற்பது வயதில் கணவரின் பைக்கை ஓட்டிப் பழகினேன். பழகிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் சாயங்காலம் மழை தூறியது. வேலை விட்டு வந்த கணவர், "மழையிலயும் ஓட்டிப் படிக்கணும், ஏட்டி" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

வயற்காட்டு ரோட்டின் வளைவில் வைக்கோல் நனைந்து கிடந்தது. அறுவடை முடிந்தால் எங்கள் ஊரில் ரோட்டில்தான் காயப்போடுவோம். "பிரேக்கப் பிடிக்காத!" என்று கத்தினார். பயத்தில் பிடித்துவிட்டேன். வண்டி வழுக்கிச் சாய்ந்தது. எனக்கு வெறும் சிராய்ப்பு. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஓடிவந்தவர்கள், "எவம்ல ரோட்டுல வைக்கோலப் போட்டது?" என்று திட்டினார்கள். நான் வாயே திறக்கவில்லை. பசுவுக்காகக் காலையில் அதை விரித்தவள் நான்தான். தூறல் விழுந்ததுமே அள்ளியிருக்க வேண்டும். வண்டி ஓட்டும் ஆசையில் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதமாகியும் அவரால் வாக்கர் இல்லாமல் நடக்க முடியவில்லை. நான் இப்போது ரோட்டில் வைக்கோல் போடுவதில்லை. மேகம் கறுத்தால் ஓடிப்போய், யார் போட்டிருந்தாலும் அள்ளி ஓரமாக ஒதுக்குகிறேன். "ஏட்டி, எவனோ போட்டதுக்கு நீ ஏன் கெடந்து ஓடுத?" என்று கட்டிலில் இருந்தபடி கேட்கிறார்.

அவரிடம் சொல்ல முடியாததைத்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.