ஆத்தாளுக்கு ஊற்றிய கூழ்

எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகத் தயங்கினேன். வீட்டுப் பேச்சு வெளியே போகுமே என்ற பயம். இன்று மாங்காட்டம்மனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் குண்டு. காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் என் பேரைவிட அந்த வார்த்தைதான் அதிகம் புழங்கும். இளைக்க வேண்டுமென்று, வெள்ளிக்கிழமை மட்டும் இருந்த ஒருசந்தி விரதத்தைத் தினமும் ஆக்கினேன். ஒரு வேளைச் சோறு, மீதிக்கு வெறும் காபி. விரதம் என்றால் யார் தடுப்பார்கள்? எடை கொஞ்சம் குறைந்தது. ஆனால் சளி, காய்ச்சல், வாய்ப்புண் என்று ஒன்று போனால் ஒன்று வந்தது.

டாக்டரம்மா சொன்னார்: "எடை ரொம்பக் கூடினாலும் எதிர்ப்பு சக்தி குறையும், இப்படிப் பட்டினி கிடந்தாலும் குறையும். பருப்பு, கீரைன்னு சாப்பிட்டு, நடந்து, மெதுவா இளைங்கம்மா."

அந்த ஆடியில் தெருக்கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சொம்பை நீட்டினேன். என் நாத்தனார் கையைப் பிடித்தாள். "உனக்கு இன்னாத்துக்கு அண்ணி கூழு? ஒரு வருசத்துக்கு ஆவுற சத்து ஒடம்புலயே கீதே!" தெருவே சிரித்தது.

எப்போதும் தலைகுனிகிற நான் அன்று குனியவில்லை. "ஆத்தாளுக்கே கூழ் ஊத்தி வயிறு குளிர வெக்கிறோம். அவ பொண்ணு நான் மட்டும் பட்டினியா கெடக்கணுமா? ஒடம்புல கீறது சதைடி. சத்து இந்தச் சொம்புல கீது!" என்றேன். அங்கேயே நின்று, நிதானமாகக் குடித்தேன்.

இப்போதும் நான் குண்டுதான். கோயில்வரை நடக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். காய்ச்சல் வந்து நாளாகிறது.

பட்டினி கிடக்கிற உங்கள் வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள். மரியாதைக்காகக்கூட 'குண்டு' என்பதைப் 'பருமன்' ஆக்காதீர்கள். என்னைப் பட்டினி போட்டது அந்த வார்த்தைதான்.