பெயர் வைத்த மாதுளை

அந்தோணி மேரி என் தாய்க்குக் கடைசித் தங்கை. வில்லியனூருக்கு மேற்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் சூசைநாதன் சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அறுபத்து நாலில் பிறந்த தலைப்பிள்ளை ஒரே ஒரு முறை அழுதது. அப்புறம் மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சித்தப்பா வீட்டுக் கொல்லையிலேயே புதைத்தார். நாய் கிளறக் கூடாதென்று மேலே ஒரு மாதுளங்கன்றை நட்டார், முள் இருக்கிறதே என்று.

மரம் பூத்துப் பூத்துக் கொட்டும். ஒரு பிஞ்சு நிற்காது. பெரும்பாடு கண்டு உதிரப்போக்கு நிற்காத பெண்கள் அந்தப் பூவைப் பொறுக்கிப் போய் அரைத்து மோரில் குடிப்பார்கள். சின்னம்மா மட்டும் தொடமாட்டாள். பிறகு அவளுக்குப் பிள்ளையும் இல்லை.

"பேரு கூட இல்லாம படுத்துகினு கீதுடி" என்பாள் என்னிடம். பிள்ளை கல்லறைக்குப் போக வேண்டும். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

எழுபத்து நாலில், ஈஸ்டருக்கு முன் கோயில் கூட்டப் போனோம். சாமியாருக்கு உதவியாயிருந்த உபதேசியார் மரியதாஸ், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பூசை உடுப்பை வெயிலில் போட்டிருந்தார். அதில் சரிகையால் வெடித்த மாதுளம்பழம்.

"இது இன்னாத்துக்கு இதுல?" என்றாள் சின்னம்மா.

"கல்லறை தொறந்துகிச்சி இல்ல, அது மாதிரி தானா வெடிக்குது. உயிர்ப்புக்கு அடையாளம்மா." கொஞ்சம் தயங்கினார். "உன் புள்ள அழுதுச்சின்னியே, மருத்துவச்சியே தண்ணி ஊத்தியிருக்கலாமே?"

"தையலம்மா வேற சாமி கும்புடறவளாச்சே."

"அவசரத்துக்கு யாரு ஊத்துனாலும் செல்லும்மா."

மறுநாள் காலையிலிருந்து சின்னம்மா தினமும் மாதுளை வேரில் மூன்று தரம் தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொரு தரமும் "அமிர்தசாமி" என்றாள். அது அவள் அப்பன் பெயர்.

பக்கத்து வீட்டுக் காசம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, மரத்துக்கு ஞானஸ்நானமா? அடுத்து புதுநன்ம குடுத்து, நாக்குல அப்பத்தையும் வச்சிடு!"

"மரத்துக்கு யாருடி ஊத்துறா?" என்றாள் சின்னம்மா. காசம்மாள் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

அந்த வருஷம் ஒரே ஒரு பிஞ்சு நின்றது. ஆவணியில் ஒரு நடுப்பகல், சோறு தின்றுகொண்டிருந்தோம். கொல்லையில் குழந்தை அழுதது. ஒரே ஒரு முறை. எச்சில் கையோடு ஓடினோம். பழம் கிளையிலேயே வெடித்திருந்தது. ஒரு முத்து சிந்தவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"தலைய தாங்கிப் புடி."

பிடித்தேன். மூன்று பெற்றவள் நான். பழத்தின் கனம் இல்லை அது. துணிக்குள் கதகதவென்று இருந்தது.

கல்லறை வாசலில் மரியதாஸ் நின்றிருந்தார். "இன்னாம்மா அது?"

"அமிர்தசாமி."

என் கையையே பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனார். மதிலோரம் புதைத்தோம். எண்பத்து மூன்றில் சின்னம்மாவையும் அங்கேயேதான் வைத்தோம்.

பழத்தைப் புதைத்த அந்த வாரமே மாதுளை பட்டுப்போனது. சித்தப்பா வேரோடு தோண்டினார். இடுப்பளவு ஆழம் போயும் எலும்பில்லை, சுற்றிய துணியில்லை, வெறும் மண். என் முகத்தைப் பார்த்தார். நான் சின்னம்மாவைக் கூப்பிட்டேன்.

அவள் வரவில்லை. உள்ளே உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.