பஸ்ஸில் போன பை

மெட்ராஸை நான் முதல்முதலாகப் பார்த்து ஆறு வருசம் ஆகிறது. என் வீட்டுக்காரிக்குக் கழுத்தில் கட்டி. திருச்சியில் ஸ்கேன் எடுத்து, ஊசி குத்தி சதை எடுத்துப் பார்த்து, மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். படம், ரிப்போர்ட்டு எல்லாம் ஒரு கட்டைப்பையில். அது இல்லாவிட்டால் அங்கே பார்க்க மாட்டார்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அரியலூரில் ரயில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கினோம். சனங்கள் நடந்த வேகத்தைப் பார்த்தால் ஊரே ஒரு சாவுக்குப் போவது மாதிரி இருந்தது. யார் முகத்திலும் அழுகைதான் இல்லை. நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். தூசியும் சத்தமும் புதுசில்லை. அங்கே சங்கு ஊதினால் சத்தம் நிற்கும். இங்கே நிற்கவில்லை.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். நம்ம ஊரில் செய்கிறதைத்தான் செய்தேன். ஜன்னல் வழியாகப் பையை சீட்டில் போட்டு இடம் பிடித்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு படிக்கு நடந்தேன். அரியலூரில் என்றால் அதுக்கப்புறம்தான் கண்டக்டர் டீ குடிக்கப் போவார். இந்த பஸ் போய்விட்டது.

"ஏங்க, பை" என்றாள். கத்தக்கூட இல்லை.

பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர் சிரித்தார். "இன்னா பெருசு, பைய மட்டும் ஊர் சுத்திப் பாக்க அனுப்சிட்டியா?"

"இவ ஸ்கேன் படம் அதுல இருக்குதுங்க."

சிரிப்பு நின்றது. "ஏறு, ஏறு. யம்மா, நீயும் ஏறு."

வழியில் பாலம் வந்தது, கடைகள் வந்தன. எதுவும் ஞாபகம் இல்லை. அந்த பஸ்ஸின் பின்பக்கம் மட்டும் இன்னும் கண்ணில் இருக்கிறது. மூணு ஸ்டாப் தள்ளிப் பிடித்தோம். ஒரு காலேஜ் பொண்ணு பையை மடியில் வைத்திருந்தது. ஜன்னல் வழியாகவே நீட்டியது.

"சீட்டு போயிடுச்சு தாத்தா. பை இருக்கு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெட்ட கட்டி இல்லம்மா. எடுத்துடலாம்."

எடுத்தார்கள். வருசத்துக்கு ஒருதடவை காட்டச் சொன்னார்கள். போனோம். இந்த வருசம், "நல்லா இருக்கீங்க, இனிமே வர வேண்டாம்" என்றார்.

வெளியே வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"இனிமே எதைச் சொல்லிக்கிட்டு இந்த ஊருக்கு வர்றது?"

ரயிலுக்கு நேரம் இருந்தது. கடலைப் பார்க்கப் போனோம். அத்தனை வருசம் வந்தும் அதுவரைக்கும் எங்களுக்குத் தோன்றவே இல்லை.