மோட்டார் ஸ்விட்சைப் பூட்டி வைத்த வீட்டுக்காரன்

எண்பதுகளின் பிற்பாதியில், தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஆபீஸ் லோன் போட்டு வீடு கட்டினேன். வாடகைக்கு விடலாமென்று பின்பக்கம் சின்னதாக ஒரு போர்ஷனும் எடுத்தேன். அதுவரை பதினோரு வருடம் வாடகை வீடுகளில் காலம் தள்ளியவன் நான். ஓனர்கள் என்னைப் படுத்தியதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்து, ஒன்று விடாமல் நானும் செய்ய ஆரம்பித்தேன்.

அதில் முக்கியமானது மோட்டார். கிணற்றுத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் ஸ்விட்ச் என் வீட்டு ஹாலுக்குள். மோட்டாருக்கு ஒரு கம்பிக்கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு. குடித்தனக்காரர் கையில் ஸ்விட்ச் போனால் கிணறு வற்றிவிடும் என்பது என் கொள்கை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான மெயின் ஃப்யூஸ் மட்டும் வெளியே, மீட்டர் பெட்டியில்.

மூன்று மாதக் குழந்தையோடு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். கணவருக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை.

"தண்ணி வேணும்னா ஒவ்வொரு வாட்டியும் உங்க கதவைத் தட்டணுமா சார்?" என்று கேட்டார் அவர்.

"தாராளமா தட்டுங்க" என்றேன், பெருந்தன்மையாக.

அந்த மே மாதம் மைத்துனர் கல்யாணத்துக்காக மதுரைக்குக் கிளம்பினோம். காலையில் கரண்ட் இல்லை. வந்துவிட்டதா என்று பார்க்க மோட்டார் ஸ்விட்சைத் தட்டினேன். வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று மனைவி குரல் கொடுக்க, போட்ட ஸ்விட்சை அப்படியே விட்டு வீட்டைப் பூட்டினேன். இழுத்துப் பார்த்ததெல்லாம் பூட்டை மட்டும்தான், மூன்று தடவை.

மூன்றாம் நாள் காலை திரும்பி வந்து வாசல் பல்பைப் போட்டால் எரியவில்லை. மீட்டர் பெட்டியில் ஃப்யூஸ் கட்டையைக் காணோம். எனக்கு வந்ததே கோபம்!

"என்ன மிஸ்டர், யாரைக் கேட்டு ஃப்யூஸைப் பிடுங்கினீங்க? இது என்ன உங்க வீடா?"

அவர் பனியனோடு வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"முதல்ல உள்ள போய் மோட்டார் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க சார். அப்புறம் நிதானமா திட்டலாம்."

உள்ளே போய்ப் பார்த்தேன். நான் போட்ட ஸ்விட்ச் அப்படியே ஆனில் இருந்தது.

நாங்கள் கிளம்பிய அரைமணியில் கரண்ட் வந்திருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. கோடைக் கிணற்றில் இருந்ததே கொஞ்சம் தண்ணீர். வற்றினால் மோட்டார் எரிந்துவிடும் என்று அவர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார். அதோடு அவர்கள் வீட்டு விளக்கும் ஃபேனும் போயின. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தால், அவர் கூண்டையும் பூட்டையும் பார்த்துவிட்டு, "இன்னா சார், மோட்டாரை ஜெயில்ல போட்டு வச்சிகீறாரு! ஒண்ணு பூட்டை ஒடைக்கணும், இல்லாங்காட்டி ஒயரை அறுக்கணும். ஓனர் இல்லாம நான் கை வைக்க மாட்டேன்பா" என்று போய்விட்டாராம்.

"பூட்டை உடைச்சிருக்கலாமே?" என்றேன்.

"அடுத்தவங்க வீட்டுப் பூட்டை எப்படி சார் உடைக்கிறது?"

அவர் மனைவி குழந்தையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு. செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே சொன்னார்: "ரொம்ப அழும்போது பத்து நிமிஷம் ஃப்யூஸைச் சொருகுவோம் சார். ஃபேன் ஓடும், குழந்தை தூங்கும். தொட்டி வழியும். திரும்பப் பிடுங்கிடுவோம்."

எனக்கு முன்பே என் மனைவி போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணச் சாப்பாடு முழுக்க ஜீரணமாகிவிட்டது.

காலி செய்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். மன்னிப்புக் கேட்டு, என் வீட்டு மாற்றுச் சாவியையே நீட்டினேன். குடித்தனக்காரர் வாங்கவில்லை.

"சாவியெல்லாம் எதுக்கு சார்? ஸ்விட்சை வெளியில வச்சிடுங்க, போதும்."

அன்று மதியமே அதே எலக்ட்ரீஷியன் வந்து ஸ்விட்சை வெளிச்சுவரில் வைத்தார். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி ஃப்யூஸும் போட்டார். "மோட்டாருக்கு ஜாமீன் கெட்ச்சிருச்சா சார்?" என்று கேட்டார். கிண்டல் செய்ததற்காகக் கூலியில் எதுவும் குறைத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் ஆறு வருடம் இருந்தார்கள். கிணறு வற்றவில்லை. இப்போது யாராவது புதிதாக வீடு கட்டி வாடகைக்கு விடப் போகிறேன் என்று வந்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள் என்கிறேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, உடைக்க எல்லா நியாயமும் இருந்தும் என் பூட்டைத் தொடாமல் இரண்டு நாள் வியர்த்துக் கிடந்த அந்த இருவரை நினைத்தால், யாராவது என்னை ஹவுஸ் ஓனர் என்று சொல்லும்போது இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.