ரோசாவும் ஊத்தும்

மூதூரில் கலியாண வீட்டு அத்தர் என்றால் பஸ்மியாவின் பெயர்தான் முதலில் வரும். பதினாறு வருடமாகச் சந்தன எண்ணெயில் மல்லிகையைக் கலந்து, சின்னப் போத்தல்களில் அடைத்து, வீட்டு முன்னறையில் வைத்து விற்றுவந்தாள். கிண்ணியாவிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள்.

இரண்டு வளவு தள்ளியிருந்த றம்ஸியா கட்டாரிலிருந்து திரும்பியதோடு பஸ்மியாவின் நிம்மதி போனது. அங்கே ஓர் அத்தர் வியாபாரியிடம் ஏழு வருடம் வேலை செய்தவள் றம்ஸியா. அகில்கட்டையிலிருந்து எடுக்கும் ஊத் எண்ணெயை ரோசாவோடு சேர்த்து ஒரு கலவை செய்தாள். காலையில் பூசினால் ரோசா மணக்கும். பின்னேரம் ரோசா அடங்க, அதன் அடியிலிருந்து கட்டை மணம் எழும்பும். பஸ்மியாவின் மல்லிகையோ மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னமே களைத்துப்போகும்.

பஸ்மியா ஆளனுப்பி அதில் ஒரு போத்தல் எடுப்பித்தாள். மணிக்கட்டில் தடவிக்கொண்டு, சோறு வடிக்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் மணந்து மணந்து பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தானும் ஊத் வாங்கி மல்லிகையோடு சேர்த்தாள். கட்டை மல்லிகையை ஒரேயடியாக விழுங்கிவிட்டது. மிஞ்சியது நனைந்த பலகை நாற்றம்தான்.

அந்தக் கிழமைதான், எப்போதும் அவளிடமே வாங்கும் ஸைனுலாப்தீன் ஹாஜியார், மகள் ஷிஃபானாவின் கலியாணத்துக்கு றம்ஸியாவிடம் அத்தருக்குச் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. ஹாஜியாரின் மனைவியைக் கடையடியில் கண்டதும் பஸ்மியாவின் வாய் முந்திக்கொண்டது.

"அதில ஸ்பிரிட் கலந்திருக்காம். மதுசாரம் பூசிக்கொண்டு தொழலாமோ தெரியா."

யாரோ சொன்னதுபோல 'ஆம்' போட்டுத்தான் சொன்னாள். மூன்றே நாளில் கதை ஊரெல்லாம் பரவி, றம்ஸியாவின் வாசலுக்கு ஆள் வருவது நின்றது.

நாலாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு றம்ஸியா வந்தாள். முன்னறையில் வாங்க வந்த பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். தன் போத்தலை மேசையில் வைத்தாள்.

"ராத்தா, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. உங்கட சொல்லைத்தான் சனம் நம்பும்."

ஒரு பொய் போதும், றம்ஸியாவின் வியாபாரம் முடிந்துவிடும். பஸ்மியாவுக்கு அது தெரிந்தது. ஆனாலும் மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஒரு துளி விட்டாள். ஸ்பிரிட் கலந்திருந்தால் கறை காய்ந்து சுருங்கும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருங்கவில்லை, எண்ணெய்க் கறை தாளில் அப்படியே கிடந்தது.

"சுத்தமான எண்ணெய்," என்றாள். "அந்தக் கதையைச் சொன்னது நான்தான்."

பெண்கள் ஆளையாள் பார்த்தார்கள்.

"தெரியும் ராத்தா," என்றாள் றம்ஸியா. "ஹாஜியார்ட பொஞ்சாதி சொன்னவ. அதாலதான் இஞ்ச வந்தனான்."

போத்தலை எடுத்துக்கொண்டு, கதிரையில் இருக்காமலே போய்விட்டாள்.

ஷிஃபானாவின் கலியாணப் பந்தலில் ரோசாவும் ஊத்தும்தான் மணந்தது. பஸ்மியாவும் போய்ச் சாப்பிட்டு வந்தாள். பிறகு ஊத்தை விட்டுவிட்டு, சந்தனத்தைக் கூட்டி, கொஞ்சம் தேவதாரு எண்ணெய் சேர்த்தாள். மல்லிகை அஸர்வரை நின்றது. விட்டுப்போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். றம்ஸியாவோடு ஸலாம் சொல்வதோடு சரி.

இப்போதும் வெளியூர் ஆட்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ரோசா அத்தர் வீடு எது என்று கேட்பதுண்டு. பஸ்மியா சரியாகத்தான் கைகாட்டுவாள். காட்டிவிட்டு, அவர்கள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று வாசல் படலையடியில் நின்று பார்ப்பாள்.